தலை வீச்சுத் திட்டம்

மனித குலம் இதுவரை கண்டுபிடித்த கருவிகளில் தலைசிறந்தது எது என்று யாராவது கேட்டால் தயங்காமல் சொல்லலாம்: கார் நிறுத்துமிடத்து ஷட்டர் கதவு. உடம்புச் சூட்டை அளக்கக் கருவி உண்டு. ரத்த அழுத்தத்தை அளக்கவும் உண்டு. ஒருவர் தலைக்குள் 'தலைமைப் பண்பு' எவ்வளவு இருக்கிறது என்று அளக்கத்தான் வழியில்லாமல் உலகம் தவித்துக்கொண்டிருந்தது. அந்தத் தவிப்பைத் தீர்த்துவைத்த பெருமை ஒரு தராசுக் கம்பெனியைச் சேரும்.

காய்கறிக் கடைத் தராசு முதல் லாரியையே ஏற்றி நிறுக்கும் எடைமேடை வரை அங்கே செய்கிறார்கள். நான்கு மாடிக் கட்டடம். கீழ்த்தளத்தில் கார் நிறுத்துமிடம். அதற்கு மோட்டார் வைத்த ஷட்டர். அதிகாரிகள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு ரிமோட். தெருவில் விளக்குக் கம்பத்தருகே வரும்போதே பொத்தானை அமுக்கினால் போதும். கார் வந்து சேர்வதற்குள் ஷட்டர் ஏறி, மோட்டார் பெட்டியில் இருக்கும் பல்பும் எரிந்து வரவேற்கும். கார் உள்ளே போனாலும் போகாவிட்டாலும் சற்று நேரத்தில் ஷட்டர் தானே இறங்கிக்கொள்ளும்.

திடீரென்று ஒரு நாள் ரிமோட்டின் வீச்சு சுருங்கிவிட்டது. கம்பத்தருகே அமுக்கினால் ஷட்டர் அசையவில்லை. பாதி தூரம் வந்து அமுக்கினாலும் அசையவில்லை. கௌரவமான அதிகாரிகள் காரைவிட்டு இறங்கி, ஷட்டரின் காலடிக்கே போய், கையை உயர்த்தி ரிமோட்டை நீட்டி, ஏதோ வரம் கேட்பவர்கள்போல் நிற்க வேண்டியதாயிற்று.

இதில் அதிகம் அடிபட்டவர் பரிசோதனைப் பிரிவின் பெண் அதிகாரி. ஒரு தராசு துளி தப்பாகக் காட்டினாலும் வெளியே விடமாட்டார் என்பதால் கம்பெனி அவருக்கு 'மில்லிகிராம்' என்று பட்டம் சூட்டியிருந்தது. பிரிவின் தலைவர் ஓய்வு பெற்றதிலிருந்து அந்த நாற்காலியின் வேலையை எல்லாம் அவர்தான் பார்த்துவந்தார். நாற்காலியில் மட்டும் இன்னும் உட்கார வைக்கப்படவில்லை. அதற்கு இன்னொருவரும் பரிசீலனையில் இருந்தார். எம்.டி.யின் மகளைக் கட்டியவர். எம்.டி. அவரை "மாப்ளே" என்று கூப்பிடுவதால் கம்பெனி முழுக்க அவர் பெயரே மாப்பிள்ளை. "அஞ்சு கிராம் எல்லாம் ஒரு வித்தியாசமா? காத்தடிச்சாலே அவ்வளவு ஆடும்" என்பது எடையைப் பற்றி அவருடைய ஆழ்ந்த கருத்து. அவர் தலைவரானால் எந்தத் தராசும் பரிசோதனையில் தோற்காது. மில்லிகிராமுக்கு ராத்தூக்கம் கெட்டதற்கு அதுதான் காரணம்.

ஷட்டர் விஷயத்துக்கு வருவோம். கம்பெனி சும்மா இருக்கவில்லை. 'வீச்சு மேம்பாட்டுக் குழு' ஒன்றை அமைத்தது. மனிதவள அதிகாரிதான் தலைவர். அவரை எல்லோரும் சுருக்கமாக 'மனிதவளம்' என்பார்கள். குழு முதல் வேலையாக எல்லா ரிமோட்டுக்கும் புது பேட்டரி போட்டது. பலனில்லை. மோட்டார் பெட்டியிலிருந்து தொங்கும் மெல்லிய ஒயர்தான் ஆண்டெனா என்று தெரிந்ததும், அதை யாரோ அழகுக்காகச் சுருட்டிக் கட்டியிருந்ததை அவிழ்த்து, நீவி, நேராகத் தொங்கவிட்டது. பலனில்லை. கடைசியில் மோட்டார் விற்ற இடத்துக்குப் போன் போட்டது.

"தூரத்துல இருந்து அமுக்கினா திறக்கலீங்க" என்றார் மனிதவளம்.

"கிட்டப் போய் அமுக்கிப் பார்த்தீங்களா?"

"கிட்டப் போனா திறக்குது."

"அப்போ கிட்டயே போய் அமுக்குங்க. வேற ஏதாவது பிரச்சினை இருக்கா?"

இந்த ஆலோசனையும் முறைப்படி பதிவு செய்யப்பட்டது.

குழு கூடியபோது எம்.டி.யே நேரில் வந்தார். சாய்ந்து உட்கார்ந்து, தம்முடைய ரிமோட்டை மேஜைமேல் வைத்தார்.

"நான் தினமும் கம்பத்துக்கிட்ட இருந்துதான் அமுக்கறேன். எனக்கு ஒருநாள்கூட திறக்காம இருந்ததில்ல. மாப்ளே, உனக்கு?"

"எனக்கும் திறக்குது மாமா. கம்பத்துக்கு முன்னாடியே திறக்குது" என்றார் மாப்பிள்ளை.

"ஆக, ஷட்டர் நல்லா இருக்கு. ரிமோட் எல்லாம் ஒரே மாடல். பேட்டரி புதுசு. அப்போ எதுலய்யா வித்தியாசம்?"

எல்லோரும் தங்கள் ரிமோட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். மனிதவளத்தின் முகத்தில் மட்டும் மெல்ல ஓர் ஒளி பரவியது. கம்பெனிகளின் சரித்திரத்தில் இப்படிப்பட்ட ஒளி அபூர்வமாகத்தான் பரவும். பரவிய பிறகு யாராவது ஒருவருக்கு வேலை போகும்.

"ஆள்ல சார்!" என்றார். "நான் போன்ல ஒரு வீடியோ பார்த்தேன். ரிமோட்டைத் தாடைக்குக் கீழ வெச்சு அமுக்கினா ரேஞ்ச் கூடுமாம். நம்ம தலையே ஆண்டெனாவா வேலை செய்யுதாம் சார்."

"அப்படின்னா?"

"யாரோட தலை பவரா இருக்கோ, அவங்களுக்கு ரேஞ்ச் ஜாஸ்தி. உங்களுக்கு ஏன் கம்பத்துல இருந்து திறக்குதுன்னு இப்பப் புரியுது சார்."

எம்.டி.க்கு அது ஏற்கெனவே புரிந்திருந்தது. தலையைத் தடவிக்கொண்டார். அந்தத் தலையில் முடி இல்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று கணக்கு அதிகாரி பணிவோடு சொன்னது குறிப்பில் சேர்க்கப்படவில்லை.

அன்றே 'தலை வீச்சுத் திட்டம்' பிறந்தது. எதையும் அளந்து எண்ணாக்காவிட்டால் தராசுக் கம்பெனிக்குச் சாப்பாடு இறங்காது. மனிதவளம் நாடாவோடு தெருவில் நின்று, காலை வேளையில் யார் எந்த இடத்திலிருந்து ஷட்டரைத் திறக்கிறார் என்று அளந்தார். எம்.டி. கம்பம் வரை. மாப்பிள்ளை கம்பத்துக்கும் அப்பால். மற்றவர்கள் ஷட்டரிலிருந்து ஓரிரு எட்டு. மில்லிகிராம் ஒரு கை நீளம். பரிசோதனைப் பிரிவுத் தலைவர் பதவி தலை வீச்சின் அடிப்படையில் நிரப்பப்படும், இறுதி அளவீடு எல்லோர் முன்னிலையிலும் நடக்கும் என்று சுற்றறிக்கை வந்தது.

மில்லிகிராம் அதை வீட்டில் சொன்னபோது கணவர் பனியனோடு உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"உனக்கு ஒரு கை நீளமா?" என்று நிமிர்ந்தார். "வீட்ல நீ ஒரு பார்வை பார்த்தா பக்கத்து வீட்டுக் கதவே சாத்திக்குது. ஆபீஸ்ல மட்டும் ஏன் வேலை செய்ய மாட்டேங்குது?"

"கிண்டல் பண்ணாதீங்க. இதுல தோத்தா அந்த ஆளு தலைவராயிடுவார்."

"தலைய ஈரமா வெச்சுக்கிட்டுப் போயேன். தண்ணி கரண்ட்டக் கடத்தும்ல?"

சொல்லும்போது சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் மறுநாள் காலை மில்லிகிராம் தலையைத் துவட்டாமல் சொட்டச் சொட்டக் காரில் ஏறினார் என்பதையும் இங்கே மறைப்பதற்கில்லை. படித்தவர்கள்தான், பதவி என்று வந்துவிட்டால் தாடையில் ரிமோட்டும் தலையில் தண்ணீருமாகத் தெருவில் நிற்பதற்குக் கூசுவதில்லை. பலன் ஜலதோஷம்.

அந்த ஜலதோஷத்தோடுதான் அவர் ஒரு விடுமுறை நாள் பிற்பகல், விட்டுப்போன வேலையை முடிக்கக் கம்பெனிக்கு வந்தார். தெருவில் ஈ காக்காய் இல்லை. தும்மல் வந்து கைக்குட்டையை எடுக்கும்போது ரிமோட்டின் பொத்தான் தெரியாமல் அமுங்கிவிட்டது. கார் அப்போதுதான் கம்பத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது.

ஷட்டர் சரசரவென்று ஏறியது.

மில்லிகிராம் பிரேக்கை மிதித்தார். தும்மினால் தலைக்குப் பவர் வருமோ? பரிசோதகரின் மனம் அதை ஏற்கவில்லை. ஒரு தராசு ஒருதடவை ஒரு எடையையும் மறுதடவை வேறொரு எடையையும் காட்டினால், அவர் நிறுக்கும் பொருளை முறைக்க மாட்டார், தராசைத்தான் முறைப்பார். காரை அங்கேயே நிறுத்தி, ஷட்டர் தானே இறங்கும்வரை காத்திருந்து மறுபடி அமுக்கினார். திறக்கவில்லை. தாடையில் வைத்து அமுக்கினார். இல்லை. இறங்கிப்போய் ஷட்டரின் அடி இடுக்கு வழியாகக் குனிந்து பார்த்தார். மோட்டார் பெட்டியில் பல்பு பளீரென்று எரிந்துகொண்டிருந்தது. சில நிமிடத்தில் அது தானாக அணைந்தது. திரும்பக் கம்பத்துக்குப் போய் அமுக்கினார். திறந்தது.

உள்ளே போய், ஏணி போட்டு, பல்பைக் கழற்றிவிட்டு மறுபடி சோதித்தார். முதல் தடவை திறந்தது. மறு தடவையும் திறந்தது. எத்தனை தடவை அமுக்கினாலும் திறந்தது.

விஷயம் இவ்வளவுதான். மின் சிக்கனத்துக்காக, பழைய மஞ்சள் பல்பை எடுத்துவிட்டு மலிவான ஓர் எல்.இ.டி. பல்பை எம்.டி. தம் பொற்கரத்தால் மாட்டியிருந்தார்; போட்டோகூட எடுத்தார்கள். அந்தப் பல்பு எரியும்போதெல்லாம் அதற்குள்ளிருந்து ஒரு ரேடியோ இரைச்சல் கிளம்புகிறது. பக்கத்திலேயே கல்யாண வீடுபோல் இரைச்சல் இருந்தால், கம்பத்திலிருந்து ரிமோட் கூப்பிடுவது மோட்டார் காதில் எப்படி விழும்? காதருகே போய்க் கத்தினால்தான் விழும்.

கம்பெனியில் இன்னொரு மரியாதையும் உண்டு. எம்.டி. கார் நுழையாமல் வேறு கார் நுழையக்கூடாது. தினமும் காலையில் அதிகாரிகள் பதவி வரிசைப்படி தெருவில் காத்திருப்பார்கள். எம்.டி. முதலில் வந்து அமுக்குவார். அப்போது பல்பு அணைந்திருக்கும். ஷட்டர் ஏறும், பல்பு எரியும். பின்னாலேயே மற்றவர்கள் ஒவ்வொருவராக அமுக்க, பல்பு அணையவே நேரம் இருக்காது. எல்லோரும் உள்ளே போய், வேலையும் ஆரம்பித்து, காபி குடித்து முடித்த பிறகு, பதினொரு மணிக்கு ஆடி அசைந்து மாப்பிள்ளை வருவார். பல்பு அணைந்து குளிர்ந்தே போயிருக்கும். ஷட்டர் ஓடோடி வந்து திறக்கும்.

நேரத்தோடு வருகிறவர்களுக்குத் தலை இல்லை, நேரம் தவறி வருகிறவருக்கே தலை இருக்கிறது என்ற நவீன நிர்வாக உண்மை இப்படித்தான் நிரூபணமாகியிருந்தது.

மில்லிகிராம் பல்பை மறுபடி மாட்டிவிட்டு, மறுநாள் மனிதவளத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். மனிதவளம் பதறிக் கதவைச் சாத்தினார்.

"மேடம், அது எம்.டி. கையால மாட்டின பல்பு!"

"யார் மாட்டினாலும் இரைச்சல் இரைச்சல்தான் சார். நாளைக்கு வரிசைய மட்டும் மாத்திப் பாருங்க. முடிவே மாறிடும்."

"பார்த்தீங்களா, நீங்களே ஒத்துக்கறீங்க. வரிசை மாறினா முடிவு மாறிடும். அதனாலதான் வரிசைய மாத்தவே கூடாது." குரலைத் தணித்தார். "உங்க நல்லதுக்குச் சொல்றேன். தலைல குறைய வெச்சுக்கிட்டுப் பழிய பல்பு மேல போடாதீங்க. பாவம், அது வாயில்லாத பல்பு."

மில்லிகிராம் வெளியே வந்து மாடிப்படியில் சற்று நேரம் நின்றார். உண்மையைச் சொல்லியாயிற்று, வேலைக்கு ஆகவில்லை. இனி இந்தக் கட்டடத்தில் எது வேலைக்கு ஆகுமோ அதைத்தான் சொல்லிப் பார்க்கவேண்டும். நேரே எம்.டி. அறைக்குப் போனார்.

"சார், ஒரு சின்ன விண்ணப்பம். இறுதி அளவீட்டை நீங்க ஆரம்பிச்சு வைக்கறதா போட்டிருக்காங்க. எனக்கு மனசு கேக்கல."

"ஏன்?"

"பெரியவங்க கடைசியாத்தானே சார் வரணும்? நீங்க முதல்லயே கம்பத்துல இருந்து திறந்துட்டா, அப்புறம் நாங்க எல்லாம் தடுமாறறத யார் பார்ப்பாங்க? கடைசி ஆளான நான் முதல்ல தோக்கறேன். அப்படியே ஒவ்வொருத்தரா வந்து, மாப்பிள்ளை சார் முடிச்சு, கடைசில நீங்க வந்து நின்னு அமுக்கினா..." கண்ணை அகல விரித்துக் கையையும் விரித்தார். மேற்கொண்டு சொல்ல வார்த்தை இல்லை என்று அர்த்தம்.

எம்.டி. கண்களை மூடினார். மூடிய கண்ணுக்குள் போட்டோ எடுக்கப்படுவது வெளியே நின்றவருக்கே தெரிந்தது.

"உங்க தலையும் சுமாரா வேலை செய்யுதேம்மா" என்றார்.

இறுதி நாள் வந்தது. தெருவோரம் நாற்காலிகள். மனிதவளம் ஒலிபெருக்கியில் தலையின் மகத்துவத்தைப் பற்றி வெகுநேரம் பேசினார். பல்பு அணைந்து ஓய்வெடுக்க அது தாராளமாகப் போதும். பிறகு மில்லிகிராமை அழைத்து, "மேடம், ஷட்டர்கிட்டப் போய் நில்லுங்க" என்றார்.

மில்லிகிராம் எதிர்த் திசையில் நடந்தார். கம்பத்தைத் தாண்டினார். அதற்கும் அப்பால் தெருக்கோடியில் இருந்த பேக்கரியைத் தாண்டினார். தாடை கீடை எதிலும் வைக்காமல், இடுப்பருகே ரிமோட்டை வைத்து அமுக்கினார். ஷட்டர் ஏறியது. நாற்காலிகள் அனைத்தும் வாயைப் பிளந்தன.

"தற்செயல்!" என்று அறிவித்தார் மனிதவளம்.

அடுத்து கணக்கு அதிகாரி, தோல்வி. அவருக்குப் பின்னால் வந்தவர்களும் தோல்வி. மாப்பிள்ளை கம்பத்துக்கு அப்பால் ஒயிலாக நின்று அமுக்கினார். தாடைக்கு மாற்றினார். காதுக்கு மாற்றினார். ஒவ்வோர் எட்டாக முன்னே வந்து கடைசியில் ஷட்டரையே முட்டிக்கொண்டு நின்றார். திறந்தது.

"மாமா, இன்னைக்கு எனக்குத் தலைவலி" என்றார்.

எம்.டி. எழுந்தார். கைதட்டல். கம்பத்தருகே நிமிர்ந்து நின்று அமுக்கினார். ஷட்டர் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. தாடையில் வைத்தார். நெற்றியில் வைத்தார். உச்சந்தலையில் வைத்தார். நான்கு எட்டு முன்னால் வந்து ரிமோட்டைப் பல்லில் கடித்தபடி அமுக்கினார்.

"சார், கொஞ்சம் யோசிச்சுக்கிட்டே அமுக்குங்க. யோசிச்சா பவர் கூடும்" என்று மனிதவளம் பின்னாலேயே ஓடினார்.

"யோசிச்சுக்கிட்டுதான்யா இருக்கேன்!"

"எதை சார்?"

"உன்னை எப்படி வீட்டுக்கு அனுப்பறதுன்னு!"

எம்.டி.யின் மூக்கு ஷட்டரின் தகட்டில் பட்ட பிறகே அது மனமிரங்கி ஏறியது. தெருவில் எந்த நாற்காலியும் கைதட்டவில்லை. பேக்கரிக்காரர் மட்டும் தட்டினார். அவருக்குத் திட்டத்தின் விவரம் தெரியாது.

அடுத்த பத்து நிமிடத்தில் கம்பெனி கண்டுபிடித்துவிட்டது: ஷட்டரில் கோளாறு! இத்தனை நாளாகத் தலைகளில் இருந்த குறை, ஒரு தலை மாறியதும் சட்டென்று ஷட்டருக்கு இடம்பெயர்ந்தது. ஏணி வந்தது. பல்பு கழன்றது. எல்லோர் ரிமோட்டும் பேக்கரியிலிருந்தே வேலை செய்தது. பல்பைக் கண்டுபிடித்தவர் எம்.டி. என்று குறிப்பு எழுதப்பட்டது.

ஆனால் ஒரு சிக்கல். அவருடைய 'மூக்கு வீச்சு' பதிவாகிவிட்டதே! கம்பெனி விதிப்படி, எந்தக் கருவியையும் கோளாறு என்று அறிவித்து அதன் அளவீட்டை ரத்து செய்யும் அதிகாரம் பரிசோதனைப் பிரிவுக்கு மட்டுமே உண்டு. கோளாறான கருவியில் ஒரு சிவப்புச் சீட்டை ஒட்டி, கோளாறு எப்போதிலிருந்து என்றும் எழுதவேண்டும். எம்.டி. மில்லிகிராமைக் கார் நிறுத்துமிடத்துக்கே வரவழைத்தார். மாப்பிள்ளையும் மனிதவளமும் பக்கத்தில்.

"ஷட்டர் கோளாறுன்னு சீட்டு ஒட்டிடுங்கம்மா."

"ஒட்டறேன் சார். எப்பலேர்ந்துன்னு போடறது? பல்பு மாட்டின நாள்லேர்ந்துதானே?"

"அப்படிப் போட்டா பழைய அளவு எல்லாம் போயிடுமே மாமா! என்னோடதும் போயிடும்!" என்று மாப்பிள்ளை அலறினார்.

எம்.டி. யோசித்தார். ரிமோட் இல்லாமலே யோசித்தார்.

"இன்னைக்குக் காலைல, நீங்க திறந்ததுக்கு அப்புறம், மாப்ளை அமுக்கறதுக்குச் சரியா முன்னாடி, கோளாறு ஆரம்பிச்சதுன்னு போடுங்க."

"பழைய அளவெல்லாம்?"

"அது செல்லும். அன்னைக்கு எல்லாம் உங்களை மாதிரி ஆளுங்களுக்குத்தான் திறக்கல."

"அதே ஷட்டர், அதே பல்பு சார்."

எம்.டி. குரலை மென்மையாக்கினார். "பதவி உங்களுக்கே தரேன். மாப்ளைக்கு வேற ஏதாவது பார்த்துக்கலாம். நான் சொன்ன மாதிரி எழுதிட்டு, கோளாறு எங்க இருக்கோ அங்க ஒட்டிட்டுப் போங்க. யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

மில்லிகிராம் ஷட்டரைப் பார்த்தார். ஏணிமேல் கிடந்த பல்பைப் பார்த்தார். எத்தனையோ நாள் தூக்கத்தைக் கெடுத்த நாற்காலி, கேட்காமலேயே காலடியில் வந்து நிற்கிறது. ஒரே ஒரு பொய்த் தேதி எழுதினால் போதும். பேனாவை எடுத்தார். சீட்டில் 'தொடக்கம் முதல்' என்று எழுதினார். பிறகு ஷட்டரைக் கடந்து, ஏணியைக் கடந்து, மாடிப்படி ஏறினார். மூவரும் பின்னால் ஓடினார்கள். நான்காவது மாடியில், எம்.டி. அறைக் கதவில், பெயர்ப் பலகைக்கு நேர் கீழே, அழுத்தி ஒட்டி, ஓரங்களை நகத்தால் நீவிவிட்டு இறங்கினார்.

பதவி என்னவோ மாப்பிள்ளைக்குத்தான் போயிற்று. சிவப்புச் சீட்டு இன்னும் அங்கேயே இருக்கிறது. உரிய கருவியை நன்றாகச் சோதித்து, கோளாறு நீங்கிவிட்டது என்று பரிசோதனைப் பிரிவுத் தலைவர் சான்று கொடுத்தால்தான் அதைக் கிழிக்கலாம் என்பது விதி. மாமனாரைச் சோதிக்க மாப்பிள்ளைக்கு இன்னும் தைரியம் வரவில்லை. இந்தக் கம்பெனி வாங்கியிருக்கும் தரச் சான்றிதழ்கள் வரவேற்பறையை அலங்கரிக்கின்றன. அவற்றையெல்லாம்விட உயர்ந்த சான்றாக ஒன்றை மட்டும் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்: மில்லிகிராம் ஒட்டிய சிவப்புச் சீட்டு எதுவும் இன்றுவரை தவறான இடத்தில் ஒட்டப்பட்டதாகப் புகார் வந்ததில்லை.